சிறுநீரில் சர்க்கரை

தில்லியில் நம் அண்டை வீட்டில் வாழும் தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவர், சென்ற திங்கள் பரிசோதனைத் தாளும் கையுமாகப் பதறி வந்தார். இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தது; சிறுநீரிலோ மிகுந்திருந்தது. புதிய மாத்திரை கெடுத்துவிட்டதென்று அதனை நிறுத்தியும் விட்டார்.

நடந்தது வேறு. சிறுநீரகங்கள் நாள்தோறும் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, அதனை வீணாக்காமல் இரத்தத்திற்கே திருப்பி அனுப்புகின்றன. நுண்குழாய்ச் சுவர்களில் உள்ள கடத்துப் புரதங்களின் பணி இது. எஸ்.ஜி.எல்.டி.-2 என்னும் புரதம் மட்டுமே ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சுமக்கிறது. நீரிழிவு கண்டோர் உடலில் இச்சிக்கனம் குறைவதற்கு மாறாகக் கூடிவிடுகிறது! டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் அப்புரதத்தைத் தடுக்கின்றன. மிஞ்சும் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது. 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் கண்டெடுத்த ஃப்ளோரிசினே இவற்றின் மூதாதை.

எனவே, தாளில் கண்ட சர்க்கரை மருந்து வேலை செய்ததன் அடையாளமே. மதுமேகம் என்று முன்னோர் நோய்க்கே பெயராக வைத்த குறி, இன்று மருந்தின் குறியாகவும் ஆகியிருப்பது, மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு வியப்பே.

ஆனால் இம்மருந்தால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். பட்டினியின்போதும் ஓயாத வாந்தியின்போதும் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். அப்பொழுது சர்க்கரை அளவு அதிகம் உயராமலே ஆபத்து நேரலாம்.

பெரியவருக்கு இந்தி வராது. துபாஷியாக நாமே மருத்துவரிடம் உடன் சென்றோம். ஏகாதசிதோறும் முழுப்பட்டினி இருப்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார்.