எண்ணும் நீதியும்

முத்துக்குளிப்பை அறிவிக்குமுன், பாரிலிருந்து எடுத்த சில சிப்பிகளைத் திறந்து முழுப்பாரையும் மதிப்பிட்ட கடற்கரை இது. மாதிரியால் முழுமையை அளப்பதே புள்ளியியல். மரபணுச் சான்றை நீதிமன்றம் எடையிடுவதும் அதனாலேயே.

‘இம்மரபணு அமைவு பத்து இலட்சத்தில் ஒருவர்க்கே உரியது’ என்று வல்லுநர் சான்றுரைப்பதாகக் கொள்வோம். குற்றமின்மைக்கான வாய்ப்பும் அவ்வளவே எனல் மயக்கம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தார் 7.21 கோடி, அவருள் ஏறத்தாழ 72 பேர்க்கு அவ்வமைவு பொருந்தலாம். பிற சான்றின்றி ஒருவரை எங்ஙனம் சுட்டுவது?

மாதிரி பிழைப்பின் எண்ணும் பிழைக்கும். சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நிகழ்ந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை, மரபணு மாதிரிகளைக் கையாண்டதில் குறைகள் கண்டு 2025இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

சொல் பிழைத்தால் கவிதை கெடும். எண் பிழைத்தால் உயிர் போகும்.