தொண்டு செய்வார்க்கு ஓய்வும் கடமையே



நான் வாழும் கொட்டிவாக்கம், சென்னையின் தென்பகுதியில், திருவான்மியூரை அடுத்துக் கடலோரமாக அமைந்த ஊர். தை பிறந்தது முதல் பங்குனி கழியும் வரையில், நள்ளிரவில் எங்கள் கரை வழியாக இளைஞர் சிலர் நடந்து செல்வதைக் காணலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரம் மணலில் கால் புதைய நடக்கிறார்கள். அவர்கள் தேடுவது பங்குனி ஆமையின் தடம். அந்த ஆமை இருளில் கரையேறி, குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேலும் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அம்முட்டைகள் நாய்க்கும் மனிதர்க்கும் இரையாகாதபடி எடுத்துச் சென்று, காவலுள்ள பொரிப்பகத்தில் புதைத்து, ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற பெயரால் 1988ஆம் ஆண்டு முதல் இப்பணி நடைபெறுகிறது. இதற்குக் கூலி இல்லை. மறுநாள் கல்லூரிக்குப் போகவும் வேண்டும்.

இப்பணியின் பயன் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. கடலில் விட்ட ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து ஆளாகும் என்பர். 2025 ஜனவரியிலோ, சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. உயிரைக் காக்கப் புறப்பட்டவர்கள் உடல்களை எண்ண வேண்டியதாயிற்று. நெஞ்சு தளர இதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும் பணி நின்றுவிடவில்லை. பிறர்க்காக உழைப்பவர் தளர்ந்து வீழாமல் நெடுநாள் நிற்பது எங்ஙனம் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

இதை நான் நூலில் கற்கவில்லை; பிழை செய்து கற்றேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தது. எங்கள் கடலோரக் குப்பங்களில் வீடுகளும் படகுகளும் வலைகளும் பாழாயின. அரையாண்டு விடுமுறையில் இருந்த நான், மக்கள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கட்டடத்திற்குச் சென்று, குடும்பங்களின் பட்டியல் எழுதும் வேலையை ஏற்றேன். ஐந்து நாள் வீட்டுக்குப் போகவில்லை. உறங்கியது சிறிது, உண்டது அதனினும் சிறிது. யாரேனும் என்னைப் போய்ப் படுக்கச் சொன்னால், "இத்தனை பேர் துன்புறும்போது எனக்கு உறக்கம் ஒரு கேடா?" என்பேன். அப்படிச் சொல்வதில் ஒரு பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் முதியவள் ஒருத்தி இரண்டாம் முறையாகப் பாய் கேட்டு வந்தாள். "ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடியும் ஏன் வருகிறீர்கள்?" என்று பலர் முன்னிலையில் இரைந்தேன். அவள் சினக்கவில்லை. "எனக்கு இல்லை வாத்தியாரே, பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வெறுந்தரையில் படுத்திருக்கிறாள், அவளுக்கு" என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "அது கிடக்கட்டும், நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அனைத்தையும் இழந்தவள் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அன்றிரவு பட்டியலைச் சரிபார்த்தேன். இரண்டு குடும்பங்களின் பெயர் விடுபட்டிருந்தது. அவர்கள் இரண்டு நாளாக அரிசி பெறவில்லை. என் அயர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்!

மாணவர்களே, இது என் ஒருவனுடைய பலவீனம் அன்று. அமெரிக்காவில் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டாற்றியவர், தம்மோடு பணிபுரிந்தோர் ஆர்வம் அடங்கிச் சோர்வதைக் கண்டு, 1974இல் அதைப் பற்றி எழுதினார். எரிந்து தீர்ந்துபோதல் என்று பொருள்படும் சொல்லால் அதைக் குறித்தார். இன்று அலுவலகங்களில் எல்லாம் பேசப்படும் இச்சொல், தொண்டர்களின் நிலையைக் கண்டு எழுதப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் வகைப்பாட்டில் சேர்த்தது. இது ஒரு நோயன்று. ஓயாத பணி நெருக்கடியின் விளைவு என்பது அதன் கருத்து. அதன் அடையாளங்கள் மூன்று. உடலும் மனமும் வற்றிப்போதல் முதலாவது. பணியின்மீது விலக்கமும் கசப்பும் தோன்றுதல் இரண்டாவது. செய்யும் வேலை செம்மையாக நடவாமை மூன்றாவது. ஐந்தாம் நாள் என்னிடம் இம்மூன்றும் இருந்தன. இவற்றுள் இரண்டாவதைக் குறித்து விழிப்பாயிருங்கள். யாருக்காகப் புறப்பட்டோமோ அவர்கள்மீதே எரிச்சல் பிறக்குமானால், ஓய்வெடுக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அறியுங்கள்.

இதற்குச் செய்யத் தக்கது யாது? திருக்குறளில் 48ஆவது அதிகாரத்துக்கு வலியறிதல் என்று பெயர். அறிய வேண்டிய வலிகளுள் தன் வலியும் ஒன்று. நாட்டின் பெரும் பொறுப்புகளைத் தாங்கிய காந்தியடிகள், வாரந்தோறும் திங்கட்கிழமை மௌனம் காத்தார். காணவருவோர் அன்றும் வந்தனர், அவசரங்களும் இருந்தன. ஆயினும் அந்த நாளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்களும் உணவு, உறக்கம், வாரத்தில் ஒரு பொழுது ஆகியவற்றைப் பிறர்க்குக் கடன் கொடாதீர்கள். "இன்று என்னால் இயலாது" என்று சொல்லப் பழகுங்கள். அது கோழைத்தனம் அன்று. துயரம் மிகுந்தால் உடன் உழைப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிடில், அரசின் டெலிமானஸ் உதவி எண்ணாகிய 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சங்கங்களை நடத்துவோர்க்கும் ஒரு சொல் உண்டு. மூவர் வேலையை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அறிவுரை கூறுவதில் பொருளில்லை. சோர்வு பெரும்பாலும் ஆளின் குறையாக இராது. வேலையைப் பங்கிட்ட முறையின் குறையாக இருக்கும். முறை வைத்து ஆள் மாற்றுங்கள். பணி நிற்கலாகாது என்பது உண்மை. அதனாலேயே ஆள் மாறத்தான் வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள். ஆமைத் தடம் தேடி நடப்பவர்களில் ஒருத்தி. ஒருநாள் மாலை அவள் வீட்டு வாசலில் அமர்ந்து தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "இன்றிரவு நடை இல்லையா, அம்மா?" என்று கேட்டேன். "இன்று என் முறை இல்லை ஐயா. நான் தூங்கினாலும் கரையில் யாராவது நடந்துகொண்டுதான் இருப்பார்கள்" என்றாள்.

நாற்பத்தைந்து வயதில் நான் அறியாதிருந்ததை, அந்தப் பெண் இருபதில் அறிந்திருக்கிறாள். நீங்களும் அறிந்துகொள்ளுங்கள்.