கால்விரலின் வேதனையும் சிறுநீரகமும்



நள்ளிரவில் கால் பெருவிரலின் அடிமூட்டு தீப்பட்டாற்போல் எரிந்து, போர்வையின் ஓரம் படுவதையும் பொறுக்கமாட்டாமல் நோகுமானால், அது பெரும்பாலும் கீல்வாதமே. மூட்டுநோய்கள் பலவற்றையும் இப்பெயரால் வழங்குகிறோம். நான் இங்கே கருதுவது, மேனாட்டு மருத்துவர் 'கவுட்' என்று கூறும் ஒன்றை மட்டுமே.

ஊனும் மதுவும் மிகுந்த செல்வர்க்கு வரும் நோய் என்று இதற்கு ஒரு பழிச்சொல் உண்டு. அச்சொல் விளைத்த தீங்கு கொஞ்சமன்று. மதுவையே அறியாத மூதாட்டி ஒருத்தி, இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்டு வருகிறாள், சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. அவளுடைய கைவிரல் மூட்டுகள் வீங்கினால், முதுமையின் வாதம் என்று வீட்டார் தைலம் தடவுகின்றனர். கீல்வாதம் என்று ஐயுறுவார் இல்லை.

நம் உடலின் அணுக்கள் நாள்தோறும் அழிந்து புதியன தோன்றுகின்றன. அவற்றிலுள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. பசுவும் பூனையும் அதனை மேலும் சிதைத்துக் கழித்துவிடும். அதற்குரிய நொதி மனிதனுக்கு இல்லை. ஆகவே, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும், எஞ்சியதைக் குடலும் வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் அமிலம் தேங்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 7 மில்லிகிராமுக்கு மேற்பட்டு நெடுநாள் நிற்குமானால், பாகு ஆற ஆறக் கற்கண்டு பூப்பதுபோல, மூட்டுகளில் ஊசி வடிவான படிகங்கள் உறையக்கூடும். பாதம் உடலின் குளிர்ந்த கோடி. அதனாலேயே பெருவிரலில் தொடங்குவது மிகுதி.

கீல்வாத நோயாளரின் இரத்தத்தில் இவ்வமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் காட்டியவர் லண்டன் மருத்துவர் ஆல்பிரட் பாரிங் கராட். அவர் கண்ட நோயாளர் பலர் ஈயத்தோடு பழகிய வண்ணம் பூசுவோரும் குழாய் வேலை செய்வோருமாவர். ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். செல்வர் நோய் உழைப்பாளியைப் பற்றிய வழி அது.

இனி, அஞ்சத்தக்க ஒன்றைச் சொல்லவேண்டும். வலி தாங்காதவர் கடைக்குச் சென்று, மருத்துவரைக் கேளாமலே வலிநீக்கி மாத்திரை வாங்கி விழுங்குகிறார். டைக்ளோபினாக் போன்ற அம்மாத்திரைகள் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் தளர்த்துகின்றன. அமிலம் இன்னும் தேங்குகிறது, வலி மீண்டும் வருகிறது, மீண்டும் மாத்திரை. கால்விரலை ஆற்றப் போய்ச் சிறுநீரகத்தை இழந்தோர் உண்டு.

கண்வலிக் கிழங்கு என்னும் செங்காந்தள் தமிழ்நாட்டில் பயிராவதை அறிவீர்கள். அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் கொல்சிசின் இந்நோய்க்குப் பழமையான மருந்து. ஆயினும், கிழங்கோ விதையோ வீட்டு மருந்தாகாது. உயிரைக் கொல்லும் நஞ்சு. மாத்திரையைக்கூடச் சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு மருத்துவர் அளவு குறைத்தே கொடுப்பார். சிலருக்கு அதனை விலக்கி, ஸ்டீராய்டு மருந்தைச் சில நாட்களுக்கு மட்டும் தருவதுமுண்டு.

வலி தணிவது வேறு, நோய் தணிவது வேறு. 1966-இல் வழக்கிற்கு வந்த அல்லோபியூரினால் அமிலம் உண்டாவதையே குறைக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரத்தத்தைச் சோதித்துப் படிப்படியாக உயர்த்தி, அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்துவர். முதற்சில மாதங்களில், பழைய படிகங்கள் கரையும்போது, வலி திரும்ப வரலாம். மருந்து பலிக்கவில்லை என்று அப்போது நிறுத்திவிடுவோரே பலர். நிறுத்தலாகாது. தோலில் தடிப்போ காய்ச்சலோ கண்டால் மட்டும் உடனே மருந்தை விட்டு மருத்துவரிடம் விரையவேண்டும்.

பத்தியத்தைப் பற்றி மிகையாகவே பேசப்படுகிறது. ஈரல், மத்தி, நெத்திலி, பீர், இனிப்பூட்டிய பானங்கள் ஆகியவற்றைக் குறைப்பது நன்று. ஆனால் பத்தியத்தால் மட்டும் அமிலம் சிறிதளவே இறங்கும். பருப்பையும் கீரையையும் இந்நோய்க்காகத் துறக்க வேண்டுவதில்லை; சிறுநீரக நோய் முற்றியவர்க்கு அவற்றின் அளவை மருத்துவரே வரையறுப்பார். தண்ணீரும் அப்படியே: குடம் குடமாகக் குடிக்கச் சொல்லும் அண்டைவீட்டார் அறிவுரை, கால் வீங்கி மூச்சு முட்டும் சிறுநீரக நோயாளிக்குப் பொருந்தாது.