உடம்பில் கட்டி உள்ள பெண் கர்ப்பமானால்

(திருத்தணி கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கை, கழுத்து, முதுகு எல்லாம் மெத்தென்று சின்னச் சின்னக் கட்டிகள், தோலில் பால் காபி நிறத்தில் திட்டுத் திட்டாக மச்சம். இப்படிப்பட்ட பெண்களை நாம பார்த்திருக்கோம். தொட்டா ஒட்டிக்கும்னு அவங்க குடத்தைத் தள்ளி வைக்கிறவங்களும் உண்டு. இது தொழுநோய் இல்லை, தெய்வக் குத்தமும் இல்லை. மரபணுக் கோளாறு. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்று பெயர். சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்பா, அம்மா யாருக்கும் இருக்காது, புதுசா வரும். அதனால 'எந்த வம்சத்துல வந்தது'ன்னு மருமகளைக் குடையறது வீண் வேலை.

இவங்க பிள்ளை பெத்துக்கலாமா? பெத்துக்கலாம். பெரும்பாலானவங்க நல்லபடியா பெத்திருக்காங்க. கர்ப்பத்தில் கட்டி பெருசாகலாம், புதுசா முளைக்கலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது ரத்த அழுத்தம். இவங்களுக்கு அது ஏறும் வாய்ப்பு மற்றவங்களைவிட அதிகம். அபூர்வமாக, சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் கட்டி வந்து திடீர்னு தலைவலி, படபடப்பு, வியர்வையோடு பிரஷர் எகிறும். மசக்கைதானேன்னு விட்டா ரெண்டு உயிருக்கும் ஆபத்து.

முதுகுத்தண்டில் கட்டி இருந்தா, சிசேரியனுக்கு முதுகில் போடும் மயக்க ஊசியே வம்பாகலாம். இடுப்புக்குள் கட்டி இருந்தா குழந்தை இறங்கும் வழியை அடைக்கலாம். டாக்டருக்கு முன்கூட்டியே தெரிஞ்சா ஸ்கேன் பார்த்து வேற ஏற்பாடு செய்வாங்க. அதனால மூணு மாசத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதியும்போதே, புடவையில் மறைக்காம காட்டிடணும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை என்று பெரிய இடங்கள் இருக்கு. போக்குவரத்துச் செலவுக்குக் குழுவில் உள்கடன் கேளுங்க. மாடு வாங்கக் கொடுக்கிறோம், இதுக்குக் கொடுக்க மாட்டோமா?

நம்ம ஊரில் இன்னொரு சங்கதி. பலருக்குத் தாய்வீடு நகரி, புத்தூர் பக்கம். வளைகாப்பு முடிஞ்சு கிளம்பும்போது வளையல் பெட்டியோட அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் போகணும். அங்கே தமிழ் படிக்கத் தெரியாத டாக்டர் இருக்கலாம். நோயின் பெயரையும் முதுகெலும்பு விவரத்தையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கங்க.

குழந்தைக்கு வருமா? ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்ததுக்கு வந்ததால இளையதுக்கு வராதுன்னு கணக்கு இல்லை. குழந்தை உடம்பில் அந்த மச்சம் ஆறோ அதுக்கு மேலோ தெரிஞ்சா குழந்தை டாக்டரிடம் காட்டணும், வருஷா வருஷம் கண்ணையும் பரிசோதிக்கணும்.