பிற்பகல் மூன்று இருபதுக்கு வந்த அலை
(குயிலாப்பாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. நம் நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம். பள்ளிக்கூடங்களில் கடைசி மணி அடிக்காத நேரம். அப்போது ஓர் ஈர்ப்பலை பூமியைக் கடந்து போயிற்று. குயிலாப்பாளையம் வழியாகவும்தான் போயிற்று. மண்ணோ சுவரோ மனித உடலோ அதைத் தடுப்பதில்லை. சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிவந்து இணைந்தன. ஒன்று சூரியனைப்போல் 36 மடங்கு நிறை, மற்றது 29 மடங்கு. இணைந்த பிறகு இருந்தது 62 மடங்கு. மீதி மூன்று சூரியன்களின் நிறை முழுவதும் அலையாகப் புறப்பட்டுவிட்டது! அமெரிக்காவில் உள்ள, ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ கருவிகள் இரண்டும் அதைப் பதிவுசெய்தன. அவற்றின் நான்கு கிலோமீட்டர் நீளக் கைகள் அசைந்த அளவு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தப் பதிவின் கடைசிப் பகுதி எப்படி இருக்கும் என்பதை, 45 ஆண்டுகளுக்கு முன்பே பெங்களூரைச் சேர்ந்த ஒருவர் கணக்கிட்டிருந்தார். அவர் சி. வி. விஸ்வேஸ்வரா. கருந்துளை என்று ஒன்று உண்டா என்றே பலர் ஐயப்பட்ட காலம் அது. கருந்துளையின் மீது ஓர் அலையை மோதவிட்டால் என்ன ஆகும் என்று கணினியில் போட்டுப் பார்த்தார். கோயில் மணியை அடித்தால் நாதம் எழுந்து தேய்ந்து அடங்குகிறதே, அப்படி அதுவும் அதிர்ந்து அடங்கும் என்று 1970இல் எழுதினார். அந்த அதிர்வைக் கொண்டே கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் சொல்லிவிடலாம். கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட 2016 பிப்ரவரி 11ஐ அவர் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு ஜனவரியில் காலமானார். நம் பள்ளிப் பாடநூலில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கிருந்து வடக்கே, சென்னைக்கு அருகே உள்ள சிறுசேரியில், சென்னைக் கணிதவியல் கழகத்திலும் ஈர்ப்பலை ஆய்வு நடக்கிறது. தொலைவில் இல்லை இந்த அறிவியல்.

அலை இருக்கட்டும். ஈர்ப்பு ஓயாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு: காலத்தை மெதுவாக்குவது. பூமிக்கு நெருக்கமாக இருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடும், உயரத்தில் இருப்பது வேகமாக ஓடும். பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஓர் அணுக்கடிகாரம், கொடைக்கானல் மலைமேல் ஓர் அணுக்கடிகாரம் வைத்தால், மலைமேல் இருப்பது ஓர் ஆண்டில் சுமார் 7 மைக்ரோநொடி முந்திவிடும். கடிகாரத்தில் கோளாறு எதுவும் இல்லை. அங்கே காலமே அப்படித்தான் நகர்கிறது.

இதை முதலில் பொறியாளர்கள் சிலரே நம்பவில்லை. 1977இல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் வைத்து அனுப்பினார்கள். ஐன்ஸ்டைன் கணக்குப்படி திருத்தும் கருவி அதில் இருந்தது. ஆனால் அதை இயக்காமல் விட்டார்கள். ஏறக்குறைய இருபது நாள் பார்த்தார்கள். ஐன்ஸ்டைன் சொன்ன அளவையொட்டியே கடிகாரம் முந்தியது. அதன்பின் திருத்தத்தை இயக்கினார்கள். இன்று ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரம் வேகத்தால் பிந்துவது போக, உயரத்தால் நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்துகிறது. கேட்கச் சிறிது. ஒளி அந்த நேரத்தில் 11 கிலோமீட்டர் போய்விடும். ஆகவே தரையிலேயே கடிகாரத்தைச் சற்று மெதுவாக ஓடும்படி அமைத்து ஏவுகிறார்கள். ஜி.பி.எஸ். பார்த்து வலைபோட்ட இடத்துக்கே திரும்பிப் போகும் நம் மீனவரின் படகில், இந்தத் திருத்தம் ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது. நம் நாட்டின் நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களுக்கும் இதே கணக்குத்தான். 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய என்.வி.எஸ்.-01 என்னும் நாவிக் செயற்கைக்கோளில், இந்தியாவிலேயே செய்த ருபீடியம் அணுக்கடிகாரம் இருக்கிறது.

மீண்டும் அலைக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா என்னும் ஈர்ப்பலைக் கருவி அமையவிருக்கிறது. 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொலைவில் இன்னொரு கருவி இருந்தால்தான் அலை வானில் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். அங்கே கணிதம் தெரிந்தவர்கள் வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் வெற்றிடக் குழாயைக் கசிவில்லாமல் பற்றவைக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் பெண், இயற்பியலும் கணிதமும் எடுத்துப் படிக்கிறேன் என்று கேட்டால், பேருந்துக் கட்டணத்தையும் தொலைவையும் காரணம் காட்டாமல் சேர்த்துவிடுங்கள்.