பாடம் மாறினால் பணம் வீணா?

(கல்வி உதவி வழங்கும் நாளில் ஆற்றிய உரை)



கல்லூரியில் ஒரு துறையில் சேர்ந்துவிட்டு, இடையில் அதை விட்டுத் தாதிமைப் படிப்புக்கு மாறுகிற பிள்ளைகளைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். நம்மிடம் உதவி பெறும் மாணவி ஒருத்தி அவ்வாறு மாறியபோது, "கணக்கியலுக்கென்று கொடுத்த பணம் என்னாவது?" என்று நம்மில் சிலர் கேட்டனர். கேட்டது நியாயமே. கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

அவள் ஜாசின் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளை. தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். மூன்றாம் செமஸ்டரில் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் உடனிருந்தவள் இவள்தான். படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று தாதியரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அதன்பின் கணக்கியலில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. தந்தையோ என்னிடம், "ராத்திரி வேலை, கண்டவங்களைத் தொட்டுத் துடைக்கிற வேலை. இதுக்கா சார் படிக்க வச்சேன்?" என்றார். "உங்க அம்மாவைத் துடைச்சது யாருங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பாரத்தில் கையெழுத்திட்டார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் ஐயாவுக்கு இருந்த மதிப்பு, கட்டுக் கட்டிவிட்ட பெண்ணுக்கு இருந்ததில்லை. அந்த நினைப்பு இன்னும் நம்மவரிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலோ 1946-லேயே தாதிமை, பட்டப்படிப்பாகிவிட்டது.

பாதியில் மாறியவர்களுள் நான் பெரிதும் மதிப்பவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1938-இல் ஆக்ஸ்போர்டில் அரசியல், தத்துவம், பொருளியல் படிக்கச் சேர்ந்தார். மறு ஆண்டு போர் மூண்டது. படிப்பை விட்டுவிட்டு 1940-இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதிப் பயிற்சிக்குப் போனார். 1944-இல் தேறினார். முதுகுவலியால் அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை. பிறகு மருத்துவமனைச் சமூகப் பணி, அதன்பின் முப்பது வயதைக் கடந்து மருத்துவம், 1957-இல் டாக்டரானார். 1967-இல் அவர் தொடங்கிய செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லம்தான், இறுதிக்கால நோயாளிகளின் வலியைத் தணிக்கும் நவீனப் பராமரிப்புக்கு வழிகாட்டியது. நம் நாட்டில் 1991-இல் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியாவும் அந்த வழியில் வந்ததே. ஆக்ஸ்போர்டில் அவர் கழித்த காலம் வீண் என்று யார் சொல்வார்கள்?

இதற்காக, மாறுவது சுலபம் என்று யாரும் எண்ண வேண்டாம். டிப்ளோமா மூன்று ஆண்டு, பட்டம் நான்கு ஆண்டு. பழைய கல்லூரியில் படித்த பொதுப்பாடம் ஒன்றிரண்டு கணக்கில் வரலாம். வார்டில் நின்று பழகும் நேரத்தில் தள்ளுபடி கிடையாது. எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழி, கணிதம், அறிவியல் கிரெடிட்டுகளைப் பார்ப்பார்கள். முடித்தபின் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிந்துகொள்ள வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் வாங்கியவர்கள், பழைய கல்லூரியை விட்டு விலகும் முன்பே அங்கே விசாரித்து, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்க அவர்களும் தேவை.

கணக்கு கடினமாக இருக்கிறதே என்று தப்பித்து ஓடுபவனும் உண்டு. ஆசிரியனாக இருந்தவனுக்கு அது தெரியாதா? அப்படிப்பட்டவனை ஒரு வாரம் முதியோர் இல்லத்தில் உதவி செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். திரும்பி வந்தும் அதையே கேட்டால் நம்பலாம்.

நமது விண்ணப்பப் பாரத்தில், "பாடம் மாற்றினால் உதவி நிறுத்தப்படும்" என்று ஒரு வரி உள்ளது. அதை, "காரணம் விசாரித்து முடிவு செய்யப்படும்" என்று திருத்துமாறு பொதுக்கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்த மாணவி இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அடுத்த தவணைக் கட்டணத்துக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.