தீயணைப்புப் பயிற்சியும் நமது கிராமங்களும்

(கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களின் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



நமது வட்டாரத்தில் ஒரு பக்கம் நெல் வயலும் மறுபக்கம் ஆலைப் புகைபோக்கியுமாக வாழ்க்கை நடைபெறுகிறது. ஒரே குடும்பத்தில் தந்தை ஏர் பிடிக்கிறார்; மகன் சிப்காட் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்கிறான். தந்தைக்கு வைக்கோற்போரைப் பற்றிய கவலை. மகனுக்கு எண்ணெயையும் அமிலத்தையும் பற்றிய கவலை. ஆபத்து வந்தால் இருவரும் எதிர்பார்த்து நிற்பது தீயணைப்பு வீரரைத்தான். அவ்வீரர் எவ்வாறு உருவாக்கப்படுகிறார், அப்பயிற்சி நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, அதிலிருந்து கிராமத்தார் கற்றுக்கொள்ளத் தக்கது யாது என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

தீயை அணைப்பதற்கு ஒரு கல்வி வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். கூரை பற்றிக்கொண்டால் குடமெடுத்து ஓடுவதற்கு யார் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்? உண்மைதான். நெடுங்காலம் உலகெங்கும் அவ்வாறே நடந்து வந்தது. 1824-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் பிரெயிட்வுட் என்பவர் தீயணைப்புப் படையின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவர் தேர்ந்தெடுத்த ஆட்கள் யார் தெரியுமா? கொத்தர், தச்சர், கூரை வேய்வோர் முதலான கைத்தொழிலாளரே. கட்டடத்தைக் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் அது எரியும்போது எங்கே இடியும் என்பதும் தெரியும் என்பது அவர் கருத்து. விடியுமுன் இருட்டிலேயே அவர்களை எழுப்பி ஒத்திகை நடத்தினார். பகலில் பழகியவன் இரவில் தடுமாறுவான் அல்லவா? பின்னர் லண்டன் நகரப் படைக்குத் தலைமை ஏற்ற அவர், 1861-ல் ஒரு பெருந்தீயில் சுவர் இடிந்து விழுந்து உயிர் துறந்தார். இன்றும் தீயணைப்புப் பயிற்சியின் அடிப்படை அவர் வகுத்த முறைதான்.

சென்னை நகரில் தீயணைப்புப் படை 1908-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆயினும் நம் நாடு முழுவதற்கும் பாடம் புகட்டியது 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்த விபத்தே எனலாம். போர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் சேர்ந்தே ஏற்றப்பட்டிருந்தன. பருத்தியிலிருந்து புகை கிளம்பிற்று. வீரர்கள் வந்து நீரைப் பாய்ச்சினார்கள். ஆயினும் நெருப்பின் மூலம் எங்கிருக்கிறது என்பது புலப்படவில்லை. மாலை 4 மணியளவில் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் மாண்டனர். அவர்களிடம் தைரியத்திற்குக் குறைவில்லை. எரிகின்ற பொருள் எத்தன்மையது, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எப்பொழுது பின்வாங்க வேண்டும் என்பவற்றை உடனுக்குடன் முடிவு செய்வதற்கான ஏற்பாடுதான் குறைவு. அவ்வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் தேதி தீயணைப்போர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. நமக்கு அன்று சித்திரைத் திருநாளாகவும் அமைந்துவிடுவதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்தபின் மத்திய அரசு இத்துறையில் கருத்துச் செலுத்தியது. 1956-ல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ராம்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அது நாகபுரிக்கு மாற்றப்பட்டது. பல மாநிலங்களின் அதிகாரிகள் அங்கே ஒரே பாடத்தைக் கற்றார்கள். ஓர் ஊர்க் குழாயின் வாய் மற்றோர் ஊர் வண்டியில் பொருந்தாத காலத்தில் இது சிறிய காரியமன்று. பிற்காலத்தில் தீயணைப்புப் பொறியியலில் பட்டப் படிப்பும் அங்கு ஏற்பட்டது. நமது மாநில வீரர்களுக்குத் தாம்பரத்தில் பயிற்சி மையம் இருக்கிறது. 1985-ல் தமிழ்நாடு தீயணைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. துறையின் பெயரும் பின்னர் ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை’ என விரிந்தது. 2003-ஆம் ஆண்டு முதல் பெண்களும் அதிகாரிகளாகப் பணியாற்றி வருகிறார்கள்.

பயிற்சியில் என்ன கற்பிக்கிறார்கள்? ஏணி ஏறுதல், குழாய் விரித்தல், கயிற்றில் இறங்குதல், மயக்கமுற்றவரைத் தோளில் தூக்கி வருதல் யாவும் உண்டு. ஆனால் எங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஓடிச் சென்று குதிக்கத் துடிக்கும் காலை ஒரு நிமிஷம் நிறுத்தக் கற்பிக்கிறார்களே, அதுதான். நமது கிராமங்களில் அடிக்கடி நேரும் ஒரு துயரத்தை நினைத்துப் பாருங்கள். பாழடைந்த கிணற்றிலோ, கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவர் இறங்கி மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார், அவரும் விழுகிறார். அண்டை வீட்டுக்காரர் இறங்குகிறார். ஒரு வீட்டில் கேட்க வேண்டிய அழுகை மூன்று வீடுகளில் கேட்கிறது. அங்கே தேங்கி நின்ற நச்சுக் காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. சில சமயம் மூக்குக்கும் தெரிவதில்லை. பயிற்சி பெற்ற வீரர் முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் மூச்சுக் கருவியும் மாட்டிக்கொள்ளாமல், இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே ஒரு துணையை நிறுத்தாமல் இறங்கமாட்டார். இதைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்யும் பேச்சு இன்னும் நம்மிடம் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். பஞ்சாயத்தார் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

எண்ணெய்த் தீயும் அவ்வாறே. எரியும் எண்ணெயில் குடத்து நீரைக் கொட்டினால் நெருப்பு தெறித்துப் பரவும். எண்ணெய் நீரின்மேல் மிதந்து எரிந்துகொண்டே செல்லும். ஆதலால் அதன்மேல் நுரையைப் போர்த்திக் காற்றைத் தடுக்கிறார்கள். பக்கத்திலுள்ள கலங்களை நீரால் குளிர்விக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பற்றிற்று. 18 டாங்கர் பெட்டிகள் எரிந்தன. தீப்பற்றாத பெட்டிகளைப் பிரித்து அப்பால் இழுத்துச் சென்றதும், அக்கம் பக்கத்து மக்களை வெளியேற்றியதும், பல மணி நேரம் நுரையும் நீரும் பாய்ச்சியதும் சேர்ந்துதான் ஊரைக் காத்தன. உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி விரைவு ரயில், நின்றிருந்த சரக்கு ரயிலின்மீது மோதியபோது, இருட்டில் பயணிகளுக்கு முதலில் உதவிக்கு ஓடியவர்களில் அவ்வூர் மக்களும் இருந்தார்கள். அந்த மனம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அதற்குப் பயிற்சியும் சேர வேண்டும் என்பதே எங்கள் ஆசை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் சாதாரண மக்களுக்கே 12 நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. இத்தகைய வாய்ப்பு வரும்போது ஊருக்கு இரண்டு இளைஞரையும் இரண்டு பெண்களையும் அனுப்பப் பஞ்சாயத்து முற்பட வேண்டும்.

தொழிற்சாலைகளின் விஷயத்தில் உங்களுக்கு ஓர் உரிமையும் உண்டு. 1984 டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு பரவிய இரவில், அது என்ன வாயு, எத்திசையில் ஓட வேண்டும் என்பதை மக்கள் அறிந்திருக்கவில்லை. ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்வார்கூட இல்லை. அதன்பின் 1989-ல் மத்திய அரசு அபாயகரமான இரசாயனப் பொருள்களைப் பற்றிய விதிகளை வெளியிட்டது. பெரும் அளவில் அத்தகைய பொருள்களைக் கையாளும் ஆலை, விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுப்புற மக்களுக்கு அபாயத்தின் தன்மையையும், செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது இன்னவென்பதையும் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். ஆலைக்குள் 6 மாதத்திற்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும். ஆலைக்கு வெளியே ஊரையும் உட்கொண்ட திட்டத்திற்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒத்திகை நடத்த வேண்டும். உங்கள் ஊரை அடுத்துள்ள ஆலையில் சைரன் எத்தனை முறை ஊதினால் என்ன பொருள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதெனில், கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியாளருக்கும் ஆலைக்கும் எழுதிக் கேளுங்கள்.

மற்றவை உங்கள் கையிலேயே இருக்கின்றன. வண்டி வந்துவிட்டது, ஆனால் தெருவில் நுழைய முடியவில்லை என்ற நிலைமை நேரக்கூடாது. ஏரிக்கரையில் அல்லது குளத்தருகில் கனமான வண்டி நின்று நீர் உறிஞ்சத்தக்க கெட்டியான இடம் ஒன்று வேண்டும். களத்து மேட்டில் வைக்கோற்போர்களை ஒன்றோடொன்று ஒட்டிப் போடாமலும், தாழ்ந்த மின்கம்பிகளுக்கு அடியில் போடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்திற்குக் கீற்றுப் பந்தல் போடுவோரிடம் வெளியே செல்ல இரண்டு வழியேனும் விடச் சொல்லுங்கள். 2004-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்திலும், அதே ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி 94 குழந்தைகள் மாண்ட கும்பகோணம் பள்ளியிலும் தீக்கு இரையானது கீற்றுக் கூரையே. 101 என்ற எண்ணுக்குப் பேசும்போது ஊர்ப் பெயரோடு பிரதான சாலையிலிருந்து எப்படி வர வேண்டும் என்பதையும், எரிவது கூரையா, எண்ணெயா, ஆலைச் சரக்கா என்பதையும் கூற வேண்டும். அதற்கேற்றபடியே வண்டி புறப்படும். சாலை முனையில் ஓர் ஆளை நிறுத்தினால் இன்னும் நலம்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் நிலைய வீரர்கள் வெளியிடங்களுக்குச் சென்று செயல்முறை விளக்கம் காட்டுகிறார்கள். அறுவடை முடிந்து களம் காலியாகவும், கோடை வெயில் ஏறிக்கொண்டும் இருக்கும் சமயம் அது. பங்குனியிலேயே நிலைய அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதிக் களத்து மேட்டில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும், அடுப்படியில் அதிக நேரம் இருக்கும் பெண்களையும் முன் வரிசையில் உட்கார வையுங்கள்.